வாசகர் கேள்வி – பதில்: கடைசி விருந்தும் அடுத்த பயணமும்

சென்ற இதழில் 'மாஸ் எஃபெக்ட்' என்னும் அறிவியல் புனைவு விளையாட்டைப் பற்றியும், அதன் மூன்றாம் பாகத்துக்கு 2013 மார்ச் மாதம் வெளிவந்த 'சிட்டடல்' என்னும் விரிவாக்கத்தைப் பற்றியும் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நம் கொங்குப் பகுதி ஊர்களிலிருந்தே வந்திருக்கின்றன. இதுவரை ஆடாதவர்களுக்காக ஒரு சிறு அறிமுகம். கனடாவின் எட்மண்டன் நகரத்தில் இயங்கும் பயோவேர் நிறுவனம் 2007, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளியிட்ட கதை இது. ஷெப்பர்ட் என்னும் படைத்தலைவர், ஆடுபவரின் விருப்பப்படி ஆணாகவோ பெண்ணாகவோ, 'நார்மண்டி' என்னும் கப்பலில் பல இனத்துத் தோழர்களைச் சேர்த்துக்கொண்டு, ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து நாகரிகங்களை அறுவடை செய்துபோகும் 'ரீப்பர்' இயந்திரங்களை எதிர்த்து நிற்கிறார். கடிதம் எழுதியவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊர்களை மட்டும் தந்திருக்கிறேன்.

கேள்வி: மூன்று பாகங்களும் சேர்ந்த லெஜண்டரி எடிஷனைத் தள்ளுபடியில் வாங்கி, இப்போது மூன்றாம் பாகத்தின் நடுவில் இருக்கிறேன். சிட்டடல் விரிவாக்கத்தைக் கதை முடியும் முன் ஆட வேண்டுமா, முடிந்த பிறகா? என் நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். (தறி உரிமையாளர், பள்ளிபாளையம்)

பதில்: முடியும் முன்பே ஆடிவிடுங்கள். செர்பெரஸ் என்னும் அமைப்பு சிட்டடல் என்னும் விண்வெளி நிலையத்தைக் கைப்பற்ற முயலும் கட்டம் முடிந்ததும் இந்த விரிவாக்கம் திறந்துகொள்ளும். அட்மிரல் ஆண்டர்சன் தம் வீட்டுக்கு வரச்சொல்லி உங்களுக்குச் செய்தி அனுப்புவார். செய்தி வந்த உடனே போய்விட வேண்டாம். ஹொரைசன் கோளின் கட்டத்தை முடித்து, கிரண்ட், ஜாக், சமாரா, கசூமி, ஸயீத் போன்ற பழைய தோழர்கள் வரும் சிறு பணிகளையும் முடித்த பிறகு, செர்பெரஸ் தலைமையகத்தைத் தாக்கப் புறப்படுவதற்கு முன் போங்கள். அந்தப் பணிகளை விட்டுவிட்டால் விருந்துக்கு வரவேண்டியவர்களில் சிலர் வரமாட்டார்கள். தலைமையகத்தைத் தாக்கிவிட்டாலோ கதை நேராகப் பூமியின் போருக்குப் போய்விடும், திரும்பி வர வழியில்லை.

உங்கள் நண்பர்களில் 'முடிந்த பிறகே' என்று சொல்கிறவர்கள் அநேகமாக 2012லேயே ஆடி முடித்தவர்களாக இருப்பார்கள். அவர்கள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை நம் ஊர்க் கதையைக் கொண்டே விளக்க முடியும். அண்ணன்மார் கதையை உடுக்கையடித்துப் பாடுகிறவர்கள் படுகளத்துக்கு வரும்போது, பொன்னரும் சங்கரும் மாண்டு கிடக்கிறார்கள் என்பது கேட்டுக்கொண்டிருக்கும் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் தங்காள் வந்து, மாண்டவர்களை எழுப்பி, சிறிது நேரம் அவர்களோடு பேசிவிட்டு மறுபடியும் அனுப்பிவைக்கும் அந்த இடத்துக்காகத்தான் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். சாவை அது மாற்றுவதில்லை; சொல்லாமல் விட்டுப்போன சொற்களைச் சொல்லிவிட ஒரு நாழிகையைத் தருகிறது. 2012 மார்ச்சில் ஷெப்பர்டைப் பறிகொடுத்தவர்களுக்கு, சரியாக ஓராண்டு கழித்து வந்த சிட்டடல் அந்த ஒரு நாழிகையாகத்தான் இருந்தது.

நான் அதை ஆடியது ஈரோட்டில், மின்வெட்டு மிகக் கடுமையாக இருந்த 2013ஆம் ஆண்டில். வீட்டுக்குப் பின்னால் தறிப்பட்டறை இருந்ததால், தறி ஓடத் தொடங்கும் ஓசைதான் கரண்டு வந்ததற்கு அடையாளம். அந்த ஓசை கேட்டதும் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோவேன். விருந்து நடக்கும் கட்டத்தில் தோழர்கள் எல்லாரும் ஒன்றாக நின்று படம் எடுத்துக்கொள்ளும் நேரத்தில், பட்டறை சட்டென்று அடங்கிற்று. யுபிஎஸ் கீச்சிட ஆரம்பித்தது. அதன் பேட்டரி ஐந்து நிமிடம் தாங்கினால் பெரிது. அணைத்துவிட்டு மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்த கையை மனம் பின்னுக்கு இழுத்தது. ஒரு தறிகூட ஓடாத அந்த அமைதியில், இரண்டு விநாடிக்கு ஒருமுறை ஒலிக்கும் அந்தக் கீச்சொலியோடு, மூன்று பாகங்களிலும் என்னோடு வந்தவர்கள் ஒரே சட்டகத்துக்குள் நெருங்கி நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது முதல்முறை ஆடும் உங்களுக்கு அது போருக்கு முந்தைய விருந்தாகக் கிடைக்கும். அதற்குப் பிறகு கதையின் முடிவு எனக்கு வலித்ததைவிட உங்களுக்கு அதிகமாக வலிக்கும் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: உலகமே அழிந்துகொண்டிருக்கும்போது சூதாட்ட விடுதி, விருந்து, வேடிக்கை என்று ஒரு விரிவாக்கம் வந்தது எனக்குப் பொருந்தாமல் பட்டது. இது ரசிகர்களைச் சமாதானப்படுத்தச் செய்தது மட்டும்தானா? (கல்லூரி ஆசிரியை, பொள்ளாச்சி)

பதில்: சமாதானப்படுத்தும் நோக்கமும் இருந்திருக்கலாம், மூன்றாம் பாகத்தின் முடிவுக்கு எழுந்த எதிர்ப்பு அவ்வளவு பெரியது. ஆனாலும் வேடிக்கைக்கு அடியில் ஓடும் கதையைக் கவனியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஷெப்பர்டின் உடலிலிருந்து உருவாக்கப்பட்ட ஒரு நகல், அதே முகத்தோடும் அதே திறமையோடும் வந்து, பெயரையும் கப்பலையும் பறித்துக்கொள்ளப் பார்க்கிறது. கடைசியில் இருவரும் பறந்துகொண்டிருக்கும் நார்மண்டியின் பின்பக்கச் சாய்தளத்தின் விளிம்பில் கையால் தொங்குகிறார்கள். ஷெப்பர்டின் தோழர்கள் ஓடிவந்து கைகொடுத்துத் தூக்குகிறார்கள். நகலின் கூட்டாளி புரூக்ஸ், அதன் முகத்தைப் பார்த்துவிட்டு, திரும்பி நடந்துபோகிறாள். முகம், குரல், வலிமை எல்லாம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். விளிம்பில் தொங்கும்போது ஓடிவர ஆள் இருக்கிறதா இல்லையா என்பது ஒன்றுதான் அங்கே வேறுபடுகிறது. தொடர் முழுவதும் சொல்லிவந்த செய்தியை இவ்வளவு எளிமையாக வேறெந்த இடத்திலும் அவர்கள் சொல்லவில்லை.

துக்கமும் அங்கே இல்லாமல் இல்லை. மூன்றாம் பாகத்தில் தேன் என்னும் தோழனை நீங்கள் இழந்திருந்தால், அவனுடைய நினைவுக் கூட்டம் அதே வீட்டில்தான் நடக்கிறது. அந்தக் கூட்டத்தை முடித்துவிட்டு விருந்துக்கு அழைப்பு அனுப்புங்கள். ஒரே கூடம் இரண்டுக்கும் இடம் கொடுப்பதைப் பார்த்தால், உங்களுக்குப் பொருந்தாமல் பட்டது வேறு விதமாகத் தெரியக்கூடும். விருந்தை ஆரவாரமாக நடத்துவதா, அமைதியாக நடத்துவதா என்பதையும் நீங்களே தீர்மானிக்கலாம். நீங்கள் அமைதியானதையே தேர்ந்துகொள்ளுங்கள்.

கேள்வி: மற்ற விரிவாக்கங்களில் எவற்றைக் கட்டாயம் ஆட வேண்டும், எவற்றை விட்டுவிடலாம்? (கரூர்)

பதில்: இரண்டாம் பாகத்தின் 'லேர் ஆஃப் தி ஷேடோ புரோக்கர்', 'அரைவல்' இரண்டும் கட்டாயம். முன்னது 2010 செப்டம்பரில் வந்தது. ஓயாத புயலும் மின்னலும் சூழ்ந்த ஹகலாஸ் கோளில் மிதக்கும் கப்பலின் முதுகில் நடந்துபோகும் கட்டத்துக்காகவே அதை ஆடலாம். தொல்லியல் ஆய்வாளராக அறிமுகமான தோழி லியாரா ஏன் இவ்வளவு இறுகிப்போனாள் என்பதும் அங்கேதான் விளங்கும். பின்னதில் ஷெப்பர்ட் ரீப்பர்களின் வருகையைத் தாமதிக்க ஒரு சூரிய மண்டலத்தையே அழிக்க நேர்கிறது. அங்கே வாழ்ந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பட்டேரியன் இனத்தார் மாண்டுபோகிறார்கள். மூன்றாம் பாகம் தொடங்கும்போது ஷெப்பர்ட் ஏன் பூமியில் தடுத்து வைக்கப்பட்டிருக்கிறார் என்ற கேள்விக்கு விடை அதுதான்.

மூன்றாம் பாகத்தில் 'லெவயதன்' கட்டாயம். ரீப்பர்கள் யாரால், எதற்காக உருவானார்கள் என்பதைச் சொல்வது அது. 'ஒமேகா' சண்டைகளுக்காக மட்டும். 'ஃப்ரம் ஆஷஸ்' பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஐம்பதாயிரம் ஆண்டுகளாக உறங்கிக்கிடந்த ஜாவிக், ரீப்பர்கள் அழித்த புரோத்தியன் இனத்தின் கடைசி ஆள், கதையின் வேரோடு சேர்ந்தவன். அப்படிப்பட்ட ஒருவனை விளையாட்டு வெளியான அதே நாளில் தனி விலைக்கு விற்றது பெரும் பிழை. விரிவாக்கம் என்பது கட்டி முடித்த வீட்டுக்குப் பிறகு சேர்க்கும் திண்ணையாக இருக்கலாம். வீட்டின் நடுத்தூணைப் பிடுங்கித் தனியே விற்கக் கூடாது. லெஜண்டரி எடிஷனில் அது உள்ளேயே சேர்ந்து வருவதால் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனியில் பகல் ஷிப்டு முடிந்ததும் நான்கைந்து பேர் டீக்கடையில் நின்று இதைப்பற்றியே வாதிடுகிறோம். அடுத்த பாகம் வந்தால், சிவப்பு, நீலம், பச்சை என்ற மூன்று முடிவுகளில் ஒன்றையே உண்மையான முடிவாக வைப்பார்களா? அப்படி வைத்தால் மற்றதைத் தேர்ந்தவர்களுக்கு அது துரோகம் ஆகாதா? (திருப்பூர்)

பதில்: கதை தெரியாதவர்களுக்காக முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிவப்பு ரீப்பர்களையும் எல்லாச் செயற்கை உயிர்களையும் அழிக்கும். நீலம் ரீப்பர்களை ஷெப்பர்டின் கட்டுப்பாட்டில் கொண்டுவரும். பச்சை உயிர்களையும் இயந்திரங்களையும் ஒன்றாகக் கலக்கும். 2012 ஜூனில் இலவசமாக வந்த 'எக்ஸ்டெண்டட் கட்' இந்த மூன்றுக்கும் விளக்கக் காட்சிகளைச் சேர்த்ததோடு, மூன்றையும் மறுத்துவிடும் நான்காவது வழியையும் திறந்துவிட்டது.

துரோகம் ஆகாது என்பது என் முடிவு. அதற்கு நான் சொல்லும் காரணம் நீண்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொடரின் தனிச்சிறப்பு, ஒரு பாகத்தில் சேமித்த கோப்பை அடுத்த பாகம் எடுத்துப் படித்துக்கொள்வதுதான். கணினியில் ஆடியவர்கள் ஆவணக் கோப்புறைக்குள் இருக்கும் 'பயோவேர்' கோப்புறையைப் பென் டிரைவில் ஏற்றி, ஃபார்மட் அடிக்கும் முன் பத்திரப்படுத்தி வைத்தது நினைவிருக்கும். பிளேஸ்டேஷன் 3இல் முதல் பாகம் அப்போது வராததால், 2011இல் இரண்டாம் பாகம் அங்கே வந்தபோது, பழைய முடிவுகளைக் கேட்டுப் பதிந்துகொள்ள ஒரு சித்திரக்கதையையே முன்னால் சேர்த்தார்கள். அந்த நினைவு எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். முதல் பாகத்தில் விர்மைர் கோளில் ரெக்ஸ் என்னும் குரோகன் வீரனோடு வாக்குவாதம் முற்றும். சரியான சொல் வாயில் வராவிட்டால் அவன் அங்கேயே செத்துப்போவான். அவன் செத்தால் மூன்றாம் பாகத்தில் குரோகன் தலைமை ரீவ் என்னும் மூர்க்கனிடம் போகும். இரண்டாம் பாகத்தில் மேலான் என்னும் விஞ்ஞானியின் ஆய்வுக் குறிப்புகளை நீங்கள் அழித்திருந்தால், குரோகன் இனத்தின் நம்பிக்கையாக வரும் ஈவ் என்னும் பெண்ணும் பிழைக்க மாட்டாள். ரெக்ஸும் இல்லை, ஈவும் இல்லை என்று ஆன உலகத்தில் மட்டும்தான், அந்த இனத்தின் மலட்டு நோயைக் குணப்படுத்தப் போய் உயிரை விடும் மோர்டின் என்னும் தோழனைப் பேசித் தடுத்து, உயிரோடு திருப்பி அனுப்ப முடியும். 2007இல் ஒரு கடற்கரையில் சொன்ன சொல், 2012இல் வேறொரு கோளில் ஒருவன் சாவதையும் பிழைப்பதையும் தீர்மானிக்கிறது. ஐந்து ஆண்டு இடைவெளியில் இப்படிக் கணக்கு வைத்த விளையாட்டுத் தொடர் மிக அரிது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மூன்று முடிவுகளும் மூன்று வெவ்வேறு பிரபஞ்சங்கள். ஒன்றில் கெத் என்னும் இயந்திர இனமே இல்லை, ஒன்றில் எல்லாருடைய தோலும் பச்சையாக ஒளிர்கிறது. மூன்றையும் ஒரே அடுத்த பாகத்தில் காப்பாற்றப் பார்த்தால், எதுவும் அழுத்தமாக நடக்காத வெளிறிப்போன உலகம்தான் கிடைக்கும். ஆகவே பெரிய முடிவு ஒன்றை ஆசிரியர்கள் துணிந்து, வெளிப்படையாகத் தேர்ந்துவிட்டு, நம்முடைய சிறிய முடிவுகளை ஒன்று விடாமல் சுமந்துவர வேண்டும் என்பதே என் ஆசை. யார் உயிரோடு இருக்கிறார்கள், யாரை நம்பினோம், யாருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினோம் என்பவைதான் நாம் உண்மையில் செய்த தேர்வுகள். கடைசியில் மூன்று நிறங்களில் ஒன்றை நோக்கி நடந்தது பத்து நிமிடம். ரெக்ஸோடு பழகியது நூறு மணி நேரம்.

எந்த முடிவைத் தேர்வார்கள் என்பதற்கு வெளிவந்த அறிகுறிகள் இரு பக்கமும் இழுக்கின்றன. 2020 டிசம்பரில் வெளியான முன்னோட்டத்தில் முதிர்ந்த லியாரா பனிமலையில் ஏறி, ஷெப்பர்டின் சிறப்புப் படைத் தகுதியைக் குறிக்கும் 'N7' முத்திரை பதித்த கவசத் துண்டு ஒன்றை எடுக்கிறாள். பின்னணியில் செத்துக்கிடக்கும் ரீப்பர் ஒன்று தெரிகிறது. இது சிவப்பைச் சொல்கிறது. 2021இல் வெளியான சுவரொட்டியிலோ, மேலிருந்து பார்க்கும்போது தரையில் உள்ள பள்ளம் கெத்தின் தலை வடிவில் இருக்கிறது. சிவப்பில் கெத் இனமே அழிந்திருக்க வேண்டும் அல்லவா? உங்கள் டீக்கடை வாதத்துக்கு இன்னும் சில ஆண்டுகள் வேலை இருக்கிறது.

கேள்வி: ஆண்ட்ரோமீடாவுக்கு ஏன் விரிவாக்கம் வரவில்லை? அதை இப்போது ஆடினால் வீணா? (பொறியியல் மாணவர், உடுமலை)

பதில்: வீண் இல்லை. 2017 மார்ச்சில் வந்த 'மாஸ் எஃபெக்ட்: ஆண்ட்ரோமீடா', 2185இல் நம் பால்வெளியை விட்டுப் புறப்பட்டு, அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் உறங்கியபடியே பக்கத்து விண்மீன் மண்டலத்துக்குப் போய்ச் சேர்ந்தவர்களின் கதை. பயோவேரின் மான்ட்ரியல் கிளை அதை உருவாக்கியது. வெளியான வேளையில் முகபாவனைகள் கல்லைப்போல் இருந்ததும், பிழைகள் மலிந்திருந்ததும் அதன் பெயரைக் கெடுத்துவிட்டன; அதே ஆண்டு ஆகஸ்டில், தனிநபர் கதைக்கு இனிமேல் எதுவும் சேர்க்கப்படாது என்று அறிவித்துவிட்டார்கள். கதையின் கடைசியில் குவேரியன் இனத்தார் வந்துகொண்டிருக்கும் கப்பலிலிருந்து 'அருகில் வராதீர்கள்' என்றொரு எச்சரிக்கை வருகிறது. விரிவாக்கத்துக்கென்று திறந்துவைத்த அந்தக் கதவு அப்படியே நின்றுவிட்டது; அந்தக் கப்பலுக்கு என்ன ஆயிற்று என்பதை 2018இல் வந்த ஒரு நாவலில்தான் படிக்க வேண்டியிருந்தது.

சண்டைமுறை தொடரிலேயே மிகச் சிறந்தது. முதுகு உந்தியின் துணையால் தாவிச் சுடும் அந்த வேகம் பழைய பாகங்களில் இல்லை. ஆனால் எனக்கு நெருக்கமானது வேறொன்று. லியாம் என்னும் தோழன் கப்பலில் எல்லாரும் சேர்ந்து படம் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, தின்பண்டம், குடிபானம், படம் என்று ஒவ்வொன்றாகத் தேடிவர உங்களை அனுப்புவான். கதைக்குச் சம்பந்தமில்லாத வேலை என்று அதைத் தள்ளிவிடாதீர்கள். எல்லாரும் ஒரே சோபாவில் நெருக்கியடித்து உட்காரும் அந்தக் காட்சி வரும்போதுதான் இந்தப் புதிய குழு ஒரு குடும்பமாகிறது. அந்தக் குடும்பத்துக்கு இன்னொரு பயணம் கிடைக்காமல் போனதை எண்ணி நான் இன்னும் வருந்துகிறேன். அடுத்த பாகத்தின் முன்னோட்டத்தில் இரண்டு விண்மீன் மண்டலங்களும் காட்டப்பட்டன. அவர்களை முற்றிலும் மறந்துவிடவில்லை என்று அதை வைத்து நம்புகிறேன்.

கேள்வி: அடுத்த மாஸ் எஃபெக்ட் வருமா, வராதா? நேராகச் சொல்லுங்கள். (மேட்டுப்பாளையம்)

பதில்: வேலை நடக்கிறது. தொடரின் ரசிகர்கள் கொண்டாடும் நவம்பர் 7 அன்று, 2020இல், புதிய பாகம் உருவாகிறது என்று அறிவித்தார்கள். அது அன்ரியல் எஞ்சின் 5இல் உருவாகிறது. இடையில் 2024 அக்டோபரில் அதே நிறுவனத்தின் 'டிராகன் ஏஜ்: தி வெயில்கார்ட்' வந்தது, எதிர்பார்த்த வரவேற்பு கிடைக்கவில்லை, அதற்கு விரிவாக்கமும் வரவில்லை. 2025 ஜனவரியில் பயோவேர் தன் ஆட்களில் பலரை, தாய் நிறுவனமான ஈஏயின் வேறு பிரிவுகளுக்கு மாற்றிவிட்டு, சிலரை வேலையிலிருந்து விடுவித்துவிட்டு, மாஸ் எஃபெக்ட் ஒன்றிலேயே கவனம் வைக்கும் சிறு குழுவாகச் சுருங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில், சவூதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியமும் இரு முதலீட்டு நிறுவனங்களும் சேர்ந்து ஈஏயை 5,500 கோடி டாலருக்கு வாங்க உடன்பாடு ஏற்பட்டது. இவ்வளவு புயலிலும் அந்தக் கப்பல் நிற்கிறது என்பதே எனக்கு ஆறுதல். குழுவை நடத்துகிறவர்களாக அறிவிக்கப்பட்ட மைக் கேம்பிள், பிரஸ்டன் வாட்டமானியுக், டெரக் வாட்ஸ், பாரிஷ் லே ஆகியோர் முன்பே இந்தத் தொடரில் உழைத்த பழைய கைகள் என்பது இன்னொரு ஆறுதல்.

சிறு குழு என்பதை நான் குறையாகப் பார்க்கவில்லை. நூறு கோள்களைக் காட்டி ஒவ்வொன்றிலும் அரை மணி நேர வேலை கொடுப்பதைவிட, ஒரு கப்பல், பத்துப் பேர், அவர்களோடு நாம் பேசியதையெல்லாம் மறக்காத ஒரு நினைவு, இவை போதும். சிட்டடல் விரிவாக்கம் முழுவதும் ஒரு வீடும் ஒரு தெருவும் சுற்றியுள்ள சில இடங்களும்தான். பத்தாண்டு கடந்தும் நாம் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: என் அம்மிச்சிக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. நான் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன கண்ணு சொல்றான் அவன்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஆங்கிலத்தில் வரும் பேச்சை உடனுக்குடன் தமிழாக்கிச் சொல்லிவருகிறேன். மூன்றாம் பாகத்துக்கு வந்துவிட்டோம், சிட்டடல் விருந்து வரப்போகிறது. கேரஸ், ஷெப்பர்டை 'நீ' என்று பேசுவானா, 'நீங்கள்' என்று பேசுவானா? நான் மாற்றி மாற்றிச் சொல்லிவிட, "இவன் அந்தப் புள்ளைக்கு என்ன உறவு?" என்று அம்மிச்சி கேட்டுவிட்டார். (கோபிசெட்டிபாளையம்)

பதில்: இந்த மாதம் வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே சொல் இருப்பதால் மறைந்து கிடக்கும் உறவை, தமிழில் வாயைத் திறந்ததுமே வெளிப்படுத்தியாக வேண்டியிருக்கிறது. உங்கள் அம்மிச்சி கேட்டது சரியான கேள்வி. என் யோசனை இது. முதல் பாகத்தில் கேரஸ் ஒரு காவல்துறைப் பணியாளன், ஷெப்பர்ட் அவனுக்கு மேலதிகாரி; அங்கே 'நீங்க' என்றே இருக்கட்டும். இரண்டாம் பாகத்தில் ஒமேகா என்னும் விண்வெளி நிலையத்தில் முகமூடியைக் கழற்றிக் களைத்துப்போய் உட்காரும் இடத்திலும் 'நீங்க' என்றே பேசலாம். ஆனால் குரல் தளர்ந்திருக்க வேண்டும். மூன்றாம் பாகத்தில் இருவரும் சிட்டடலின் உச்சியில் ஏறி உட்கார்ந்து, பாட்டிலை எறிந்து குறிபார்த்துச் சுட்டுப் போட்டியிடும் இடம் வரும். அங்கே முதல் முறையாக 'நீ' வரட்டும். உங்கள் அம்மிச்சி அதைக் கவனித்துவிடுவார். உறவு என்னவென்று நீங்கள் சொல்லத் தேவையிருக்காது.

கப்பலை ஓட்டும் ஜோக்கர் ஷெப்பர்டை அழைக்கும் 'கமாண்டர்' என்ற சொல்லை மாற்றாதீர்கள்; அதற்குள்ளேயே அவனுடைய செல்லமும் மரியாதையும் இருக்கின்றன. டாலி வயதில் இளையவள், முதலிலிருந்து கடைசிவரை 'நீங்க' என்றே பேசட்டும். ரெக்ஸ் யாருக்கும் மரியாதைச் சொல் போடுகிறவன் இல்லை, முதல் நாளிலிருந்தே 'நீ' தான். அவன் ஷெப்பர்டைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே பெரிய மரியாதை. லியாராவுக்கு எது பொருந்தும் என்பதை, நீங்கள் கதையில் அவளோடு எவ்வளவு நெருங்கினீர்கள் என்பதை வைத்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

விருந்துக்கு மறுநாள் காலையில் வீடெங்கும் ஆட்கள் கிடந்த இடத்திலேயே கிடப்பார்கள். ஜேம்ஸ் அடுப்படியில் நின்று முட்டை சமைத்துக்கொண்டிருப்பான். ஒவ்வொருவர் அருகிலும் போய் நின்று, அவர்கள் சொல்வதை நிதானமாகச் சொல்லுங்கள், அவசரம் இல்லை. பிறகு எல்லாரும் துறைமுகத்துக்கு வந்து, நார்மண்டியைப் பார்த்தபடி நிற்கும் கடைசிக் காட்சி வரும். பேச்சு மிகக் குறைவு, இரண்டே வரிதான். அந்த இடத்தில் நீங்கள் எதையும் தமிழாக்க வேண்டாம். அம்மிச்சி கேட்டால் மட்டும், "எல்லாரும் ஒன்னா நின்னு கப்பலைப் பார்க்கறாங்க அம்மிச்சி" என்று சொல்லுங்கள்.